பாதியில் நிற்கும் ஆர்சிங்க்: சர்வர் விட்டுச் சர்வர் கோப்பு அனுப்புவோருக்குச் சில குறிப்புகள்

ஓர் ஊரில் இருக்கும் சர்வரிலிருந்து இன்னோர் ஊரில் இருக்கும் சர்வருக்குத் தினமும் கோப்புகளை ஒத்திசைக்க, இன்றைக்கும் பலர் நம்பியிருப்பது ஆர்சிங்க் தான். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கரஸும் 1996-ல் வெளியிட்ட மென்பொருள் அது. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் என்பதால் மெதுவான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். அது நின்றுபோனால் ஆர்சிங்க் கட்டளையைத்தான் முதலில் கிண்டத் தொடங்குகிறோம். குற்றம் பெரும்பாலும் அங்கே இருக்காது. அது ஏறிச் செல்லும் எஸ்எஸ்எச்சில் இருக்கும், நடுவழியில் இருக்கும், அல்லது மறுமுனை டிஸ்க்கில் இருக்கும்.

1. கடைசி வரியை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். ஆர்சிங்க் விழும்போது கடைசியாக வருவது பெரும்பாலும் 'எர்ரர் இன் ஆர்சிங்க் புரோட்டோகால் டேட்டா ஸ்ட்ரீம்', குறியீடு 12. மறுமுனை பேச்சை நிறுத்திவிட்டது என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை. ஏன் நிறுத்தியது என்பது அதற்கு மேலே உள்ள இரண்டு மூன்று வரிகளில் இருக்கும்: டிஸ்க் நிறைந்துவிட்டது, கட்டளை கிடைக்கவில்லை, அனுமதி இல்லை என்று ஏதாவது ஒன்று. இரவில் தானாக ஓடும் வேலை என்றால் சாதாரண வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் சேர்த்து ஒரே லாக் கோப்பில் எழுத வையுங்கள். இரண்டும் தனித்தனியாகப் போனால் எது எதற்குப் பிறகு வந்தது என்றே தெரியாது.

2. குறியீட்டு எண்களில் சிலவற்றைத் தெரிந்துவைத்தால் பாதித் தேடல் மிச்சம். 255 வந்தால் எஸ்எஸ்எச்சிலேயே தோல்வி. பெரும்பாலும் ஆர்சிங்க் இன்னும் வேலையையே தொடங்கியிருக்காது. 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. பெரும்பாலும் மறுமுனையில் ஆர்சிங்க் நிறுவப்படவில்லை என்று பொருள் (இரண்டு பக்கமும் அது இருந்தாக வேண்டும்). 11 என்றால் கோப்பை எழுதுவதிலோ படிப்பதிலோ சிக்கல். 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை; அனுமதியைப் பாருங்கள். 30 என்றால் காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது. 24-க்குப் பதற வேண்டாம்: பட்டியல் எடுத்த பிறகு மூலத்தில் யாரோ ஒரு கோப்பை அழித்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெயில் சர்வரை நகலெடுத்தால் இது சகஜம்.

3. ஆர்சிங்க்கை ஓரமாக வைத்துவிட்டு எஸ்எஸ்எச் மட்டும் போகிறதா என்று பாருங்கள். மைனஸ் குறியோடு மூன்று 'வி' சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு படியையும் அது சொல்லிக்கொண்டே போகும். பெயர் ஐபி முகவரியாக மாறியதா, போர்ட் திறந்ததா, எந்தக் கீயைக் காட்டியது, மறுமுனை எதை மறுத்தது என்று எல்லாம் தெரியும். எந்தப் பயனர் பெயரில் வேலை ஓடுகிறதோ அதே பயனராக மாறிச் சோதிப்பது முக்கியம். உங்கள் பெயரில் நுழைய முடிகிறது என்பதால் பேக்கப் பயனரும் நுழைவார் என்று சொல்ல முடியாது.

4. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு', 'கனெக்ஷன் டைம்டு அவுட்' இரண்டும் ஒன்றல்ல. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து 'வேண்டாம், போங்க' என்று குரல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார். எவ்வளவு தட்டியும் சத்தமே இல்லையென்றால் நாம் வாசலையே எட்டவில்லை என்றும் இருக்கலாம். ரெஃப்யூஸ்டு என்றால் சர்வர் வரை போய்ச் சேர்ந்தாயிற்று; பெரும்பாலும் அங்கே எஸ்எஸ்எச் சேவை ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. டைம்டு அவுட் என்றால் பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் பொட்டலங்களைப் பதில் சொல்லாமல் விழுங்குகிறது. கிளவுட் சர்வர்களில் செக்யூரிட்டி குரூப் விதியை முதலில் பாருங்கள். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்தால் வழியே இல்லை என்று எண்ணி ரவுட்டரைக் குடைய வேண்டாம். ரெட் ஹாட் வகை லினக்ஸ்களின் ஃபயர்வால், மூடிய போர்ட்டுக்கு அனுப்பும் மறுப்பே நம் திரையில் அப்படித்தான் தெரியும்.

5. நேற்றுவரை போய்க்கொண்டிருந்தது, இன்று உங்கள் முகவரியிலிருந்து மட்டும் ரெஃப்யூஸ்டு. வேறு இணைப்பிலிருந்து போனால் நுழைய முடிகிறது. அப்படியானால் மறுமுனையில் ஃபெயில்டுபேன் உங்களைத் தடை செய்திருக்கலாம். அதன் இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தடவை தவறினால் 10 நிமிடம் தடை. ஸ்கிரிப்ட் தோற்றவுடன் உடனுக்குடன் மறுபடி முயன்றால் தடை தீரவே தீராது. முயற்சிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். அனுப்பும் சர்வரின் ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

6. கோலன் ஒன்றா இரண்டா? சர்வர் பெயருக்குப் பின் ஒரு கோலன் போட்டால் ஆர்சிங்க் எஸ்எஸ்எச் வழியாகப் போகும், போர்ட் 22. இரண்டு கோலன் போட்டால் ஆர்சிங்க் டீமனைத் தேடி 873-க்குப் போகும். கை தவறி விழுந்த ஒரு கோலனால் இல்லாத சேவையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எஸ்எஸ்எச்சை 2222 போன்ற வேறு போர்ட்டுக்கு மாற்றியிருந்தால், அதை எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் கோப்பில் அந்தச் சர்வரின் பெயருக்குக் கீழே எழுதிவிடுவது நல்லது. ஒவ்வொரு கட்டளையிலும் போர்ட்டை நினைவு வைத்துக் கொடுப்பது என்றைக்காவது மறக்கும்.

7. உங்கள் மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வெளி சர்வரிலிருந்து இன்னொரு வெளி சர்வருக்கு ஆர்சிங்க் கொடுத்தால் அது மறுத்துவிடும். மூலமும் சேருமிடமும் இரண்டும் வெளியில் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. இதை இணைப்புக் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தே கட்டளையை ஓட்டுங்கள். அதற்கு அந்தச் சர்வரிலிருந்து மற்றதற்கு வழியும் கீயும் இருக்க வேண்டும்.

8. 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் கீ தவறு என்று உடனே புதிது செய்யாதீர்கள். மறுமுனையில் அந்தப் பயனரின் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, அனுமதித்த கீகள் உள்ள கோப்புக்கு 600 என்று அனுமதி வையுங்கள். ஹோம் கோப்புறையில் உரிமையாளரைத் தவிர மற்றவர்களும் எழுத முடிந்தால், எஸ்எஸ்எச் சர்வர் அந்தக் கீயைக் கண்டுகொள்ளாது. கொடுமை என்னவென்றால் காரணத்தை நம் பக்கம் சொல்லாது, தன் லாக்கில் மட்டும் எழுதிவைக்கும். டெபியன், உபுண்டுவில் ஆத் லாக், ரெட் ஹாட் வகையில் செக்யூர் லாக். இரண்டுமே வார் லாக் கோப்புறையில் இருக்கும். அவை இல்லாத புதிய பதிப்புகளில் ஜர்னலில் தேடுங்கள்.

9. கீகள் அதிகமாக இருந்தாலும் வம்பு. ஏஜென்ட்டில் ஏழெட்டு கீ சேர்ந்துவிட்டால் எஸ்எஸ்எச் ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கும். மறுமுனை 6 முயற்சியோடு கதவைச் சாத்திவிடும். 'டூ மெனி ஆதன்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' என்பது இதுதான். கான்ஃபிக் கோப்பில் ஒரே கீயைக் குறிப்பிட்டு, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்பதை யெஸ் ஆக்குங்கள்.

10. ஒரு சர்வரை மட்டும் புதுப்பித்த பிறகு தகராறு தொடங்கினால் வயதைப் பாருங்கள். 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 கொண்டு போடும் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. மறுமுனை மிகப் பழையதாக இருந்தால் இரண்டுக்கும் பொது மொழி இல்லாமல் போகும். பழைய முறையைத் திறந்துவிடச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும்; முடிந்தவரை பழைய சர்வரைப் புதுப்பித்து ஈடி25519 வகைக் கீக்கு மாறுவதே மேல்.

11. 'ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு' என்ற பெரிய எழுத்து எச்சரிக்கையை, அந்தச் சர்வரை யாராவது மறுநிறுவல் செய்தார்களா என்று கேட்டறியாமல் நீக்காதீர்கள். ஆம் என்றால், எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையோடு மைனஸ் பெரிய 'ஆர்' கொடுத்துப் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிய கைரேகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவைப்பது சோம்பேறித்தனம்.

12. கையால் ஓட்டினால் போகிறது, கிரானில் போகவில்லை. இது அடிக்கடி வருவது. கிரானுக்கு உங்கள் எஸ்எஸ்எச் ஏஜென்ட் தெரியாது. கீக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் கேட்பதற்கு அங்கே ஆளும் கிடையாது. கட்டளைகளைத் தேடும் பாதையும் குறுகியது, ஆகவே ஆர்சிங்க்கின் முழுப் பாதையையும் எழுதுங்கள். எஸ்எஸ்எச்சுக்கு 'பேட்ச் மோட்' யெஸ் கொடுத்தால், கடவுச்சொல் கேட்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே பிழை காட்டி வெளியேறும். கிரானுக்கென்று தனிக் கீ செய்து, அது மறுமுனையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் செல்லும் என்று கட்டுப்படுத்திவிடுங்கள்.

13. 'இஸ் யுவர் ஷெல் க்ளீன்?' என்று ஆர்சிங்க் கேட்டால் அது கிண்டல் இல்லை. மறுமுனையில் யாரோ பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வணக்கச் செய்தியையோ தேதியையோ அச்சிட வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகள் ஆர்சிங்க்கின் பேச்சுக்குள் கலந்து அதைக் குழப்புகின்றன. சோதிக்க எளிய வழி: எஸ்எஸ்எச் வழியாக மறுமுனையில் 'ட்ரூ' என்ற ஒன்றுமே செய்யாத கட்டளையை ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் வாங்குங்கள். கோப்பின் அளவு 0 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் வந்தாலும் அதை அச்சிடுவது யார் என்று தேடுங்கள்.

14. தொடங்கும்போது நன்றாகப் போய், பெரிய கோப்பின் நடுவே அறுந்தால் மௌனத்தைச் சந்தேகியுங்கள். பல ஜிபி கோப்பில் எது மாறியது என்று ஆர்சிங்க் கணக்குப் போடும்போது கம்பியில் வெகுநேரம் எதுவும் ஓடாது. நடுவில் உள்ள நாட் கருவி, இணைப்பு செத்துவிட்டது என்று எண்ணி அதை மறந்துவிடும். அமேசான் கிளவுடின் நாட் கேட்வே 350 விநாடி சும்மா கிடந்த இணைப்பைக் கைவிட்டுவிடும். எஸ்எஸ்எச்சின் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' மதிப்பை 60 விநாடி என்று வைத்தால் அவ்வப்போது ஒரு சிறு பொட்டலம் போய் உயிரோடு இருப்பதைச் சொல்லும். இரண்டு சர்வருக்கும் நடுவே வேகமான இணைப்பு இருந்தால் முழுக் கோப்பையே அனுப்பும் 'ஹோல் ஃபைல்' விருப்பம் கணக்குப் போடும் நேரத்தையே தவிர்த்துவிடும்.

15. உள்நுழைய முடிகிறது, சிறு கோப்புகள் போகின்றன, பெரியது தொட்டவுடன் அசையாமல் உறைகிறது, பிழைச் செய்தியும் இல்லை. இது எம்டியு கோளாறாக இருக்க அதிக வாய்ப்பு. ஈதர்நெட் பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ வழியில் 1492 தான். வயர்கார்டு விபிஎன் உள்ளே இயல்பாக 1420. வழியில் ஓரிடத்தில் பெரிய பொட்டலம் நுழையாதபோது, 'சிறிதாக்கி அனுப்பு' என்ற ஐசிஎம்பி செய்தி திரும்பி வர வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணி ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துவைத்த ஃபயர்வால் அதையும் தின்றுவிடும். உடைக்கக் கூடாது என்று குறித்து 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள் (தலைப்புக்கு 28 சேர்த்தால் 1500). போகவில்லை, 1400 போகிறது என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். விபிஎன் இடைமுகத்தில் எம்டியுவைக் குறையுங்கள். ஃபயர்வால் நிர்வாகியிடம் ஐசிஎம்பியின் அந்த ஒரு வகையையாவது திறந்துவிடச் சொல்லுங்கள்.

16. நுழையும்போதே நீண்ட நேரம் தயங்கிப் பிறகு போகிறதா? சர்வர் பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, அந்த வழி உடைந்திருக்கலாம். எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் 4 கொடுத்துப் பாருங்கள்.

17. மறுமுனை டிஸ்க்கைப் பார்க்கும்போது இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐநோட் எண்ணிக்கையையும் பாருங்கள். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் ஜிபி கணக்கில் பாதி காலியாக இருந்தும் 'இடம் இல்லை' என்று வரும். நினைவகம் போதாமல் கெர்னல் ஆர்சிங்க்கைக் கொன்றிருந்தால் டிமெசேஜில் அந்தப் பெயர் இருக்கும்.

18. அறுந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 'பார்ஷியல்' விருப்பம் பாதி வந்த கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கும். முன்பே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்சிங்க் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி 'எஃப்லாக்' போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே கோப்பில் சண்டை போடும்.

19. இணைப்பு மீண்டதும் 'டிலீட்' விருப்பத்தோடு அப்படியே ஓட்டிவிடாதீர்கள். மூலத்தில் படிக்கும் பிழை வந்தால் ஆர்சிங்க் தானாகவே அழிப்பை நிறுத்திவைக்கும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் மூல சர்வர் மறுதொடக்கத்துக்குப் பிறகு தரவு டிஸ்க் மவுன்ட் ஆகாமல் வெறும் கோப்புறை நின்றால், அது பிழை இல்லை. வெறுமையை ஒத்திசைத்து, பேக்கப் முழுவதையும் அழித்துவிடும். மூலத்தில் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது இருந்தால் மட்டும் ஓடும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள். 'மேக்ஸ் டிலீட்' கொண்டு ஒரு வரம்பும் வையுங்கள். முதல் ஓட்டத்தை 'ட்ரை ரன்' ஆக ஓட்டி, அழியப்போகும் பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு உண்மையான ஓட்டத்துக்குப் போகலாம். மூலப் பாதையின் கடைசியில் ஸ்லாஷ் இருக்கிறதா என்றும் பாருங்கள்: இருந்தால் கோப்புறைக்குள் உள்ளவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையும் சேர்ந்து போகும்.