ஒரு ஸ்பூன்... எந்த ஸ்பூன்?

ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு தாய், தன் ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டர், சளி சிரப் ஒரு ஸ்பூன்தான் கொடுத்தேன். எழுப்பினா எழுந்திருக்கவே மாட்டேங்கறான்!"

"எந்த ஸ்பூன்மா?"

காட்டியது டேபிள் ஸ்பூன். பாட்டிலில் இருந்ததோ டீஸ்பூன். டீஸ்பூன் என்றால் 5 மி.லி.; டேபிள் ஸ்பூன் 15 மி.லி. மூன்று மடங்கு! உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, பிழைத்தான்.

சமையலில் 'பிஞ்ச்' என்றால் நம்ம சிட்டிகைதான். சிட்டிகை பெருங்காயம் கொஞ்சம் கூடினாலும் ரசத்துக்கு ஒன்றும் ஆகாது. மருந்தில் சின்னச் சொல்லுக்கும் கணக்கு உண்டு. 'கிரெயின்' என்றால் தானிய மணி. எடை சுமார் 65 மில்லிகிராம். சித்த மருத்துவத்தில் உளுந்து எடையும் அதே 65தான்! குன்றிமணி எடை 130. அந்தக் கால 5 கிரெயின் ஆஸ்பிரின்தான் இன்றைய 325 மில்லிகிராம் மாத்திரை.

'டிராப்' என்கிற சொட்டும் டிராப்பருக்கு டிராப்பர் மாறும். அந்தந்த மருந்தோடு வந்ததையே பயன்படுத்துங்கள்.

யாராவது 'ஒரு ஸ்பூன் கொடு' என்றால், "எத்தனை மி.லி.?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது.