கணனிப் பாடம்: ஒரே கணனியில் இரண்டு ஒபிஸ்

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, வீடுகளோடு அவற்றிலிருந்த பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்திற்கு அதன் பின் ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும்: குடும்பப் பட்டியல், பயிர்ச்சேத விபரம், காணி கோரும் மனு. இவற்றை இன்று நமது பிள்ளைகள் கணனியில் தயாரிக்கிறார்கள். அந்தக் கணனி கோப்பைத் திறக்க மறுத்தால் என்ன செய்வது என்பதே இப்பாடம்.

நோய் எது?

தெமோதரை மக்களுக்கு ரயில் பாதை புதிதல்ல. பதுளைக்கு வரும் பாதையின் அகலம் ஐந்தரை அடி. முற்காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஓடிய சிறு ரயிலின் பாதையோ இரண்டரை அடி. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. மூட்டையை இறக்கித்தான் ஏற்றவேண்டும். மூட்டையில் குற்றமில்லை, பாதைகள்தான் பொருந்தவில்லை.

கணனியிலும் இதுவே நடக்கிறது. மைக்ரோசொப்ட் ஒபிஸ் 32 பிட், 64 பிட் என இரு வகையாக வருகிறது. இரண்டையும் ஒரே கணனியில் இன்ஸ்டோல் செய்ய முடியாது. ஒபிஸ் 2019 முதல், நாம் வேறாகத் தெரிவு செய்யாவிட்டால் 64 பிட் வகையே வரும். பழைய 32 பிட் ஒபிஸ் ஏற்கெனவே இருந்தால் அது ஏற மறுக்கும். வேர்ட் 2003, வேர்ட் 2010 ஆகிய இரண்டும் ஒன்றாக இருந்தாலோ, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் கணனி தன்னைச் சீரமைக்கத் தொடங்கி நம்மைக் காக்க வைக்கும்.

மருந்து என்ன?

1. எதையும் அழிக்குமுன் கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவில் பிரதி எடுங்கள்.

2. வேர்டில் 'பைல்', 'அக்கவுண்ட்', 'எபவுட் வேர்ட்' என்று சென்று பாருங்கள். ஆண்டும் பிட்டும் அங்கே தெரியும்.

3. எதை வைத்திருப்பது என்று தீர்மானியுங்கள். அதை மீண்டும் இன்ஸ்டோல் செய்ய வேண்டிய இலக்கமோ கணக்கோ கையில் உண்டா என்று பாருங்கள். பின்னர் 'கொன்ட்ரோல் பெனல்' வழியாக மற்றதை நீக்கி, கணனியை நிறுத்தித் திறவுங்கள்.

4. இன்னும் தடுமாறினால் அங்கேயே 'குவிக் ரிப்பேயர்' கொடுங்கள். இதற்கு இணையம் தேவையில்லை. 'ஒன்லைன் ரிப்பேயர்' இணையத்தில் டேட்டாவைச் செலவழிக்கும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. பணம் கொடுத்து வாங்க வசதியில்லையெனில் 'லிப்ரே ஒபிஸ்' இலவசமாகக் கிடைக்கிறது.

பெயர் சிதையாதிருக்க

ஒபிஸ் 2007இலிருந்து வேர்ட் கோப்பின் அமைப்பே மாறியது. ஆகவே வேர்ட் 2003 உள்ளவருக்கு அனுப்பும்போது '97-2003' வடிவில் சேமியுங்கள்.

பாமினியில் தட்டெழுதிய பட்டியல், பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயந்து அழிக்காதீர்கள், பாமினியை இன்ஸ்டோல் செய்து, அதே வரிகளைத் தெரிந்து, அந்த எழுத்துருவைக் கொடுத்தால் பெயர்கள் திரும்பி வரும். புதிய பட்டியல்களை யுனிகோட்டில் எழுதுவதே நல்லது. அலுவலகத்திற்குக் கொடுப்பதை பீ.டீ.எப். ஆக்கி, அச்சுப் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒரு பெயர் சிதைந்தால் ஒரு குடும்பமே விடுபடக்கூடும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது பட்டியலின் பிரதிகள் எத்தனை இடங்களில் உள்ளன?

2. நாம் மனுக் கொடுக்கும் அலுவலகத்தில் எந்த ஆண்டு ஒபிஸ், எந்த எழுத்துரு? கேட்டு வருபவர் யார்?