மேய்ச்சல் நிலத்துப் பழைய வேலியை மாற்றுதல்

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் முதலிய மலையடிவாரக் கிராமங்களில் மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வேலி ஓரிடத்தில் சாய்ந்தாலும், ஒரே இரவில் அயலார் பயிர் அழிந்து, மறுநாள் அது வழக்காய் முடிதல் உண்டு. ஆகையால் பழுதுற்ற வேலியைக் காலத்தில் மாற்றுதல் அவசியம். 20 குதிரைச்சக்தி அளவுள்ள மினி டிராக்டர் இவ்வேலையை எளிதாக்கும். ஆயினும் இயந்திரம் குழியைத் தோண்டுமேயன்றி வேலிக்கு உறுதியைத் தராது. அவ்வுறுதி மூலைக்கற்களிலும், வேலையின் வரிசையிலும் உள்ளது.

1. எல்லை: முதலாவது, நில அளவரைக் கொண்டு அளந்து, எல்லையைத் தெரிந்துகொள்க. 1923-ம் வருஷத்துச் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி, எல்லைக்கற்களைக் காப்பது நிலச் சொந்தக்காரரின் கடமையாகும். பழைய கல்தூண் என்றெண்ணி சர்வே கல்லைப் பிடுங்கிவிடலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை முன்கூட்டியே குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

2. பழைய தூண்களை அகற்றல்: வேலி முழுவதையும் ஒரே நாளில் பிரிக்காது, அன்றன்று கட்டி முடிக்கக்கூடிய அளவே பிரிக்க. முதலில் கம்பியைத் தளர்த்திச் சுருட்டுக. தூணை இழுக்கும் சங்கிலியை டிராக்டரின் தாழ்ந்த இழுவைக் கொக்கியிலேயே மாட்டவேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டி இழுப்பின், வண்டியின் முன்புறம் தூக்கி, ஓட்டுபவர்மீதே கவிழும்.

3. குழி தோண்டல்: மழை பெய்து மண் பதமான பின்னரே தொடங்குக. காய்ந்த சரளை மண்ணில் திருகு இறங்காது. சிறிது இறங்கியதும் திருகை உயர்த்தி, மண்ணை உதறியபின் மீண்டும் இறக்குக. விசைத் தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்வது. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையை மீட்க அவகாசமிராது. ஆதலின் தண்டின் மூடியைக் கழற்றலாகாது. அருகில் எவரும் நிற்கவும் ஆகாது.

4. தூண் நடுதல்: 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுள் இருத்தல் வேண்டும், மூலைக்கற்களுக்கு 3 அடி ஆழம் வேண்டும். அவற்றிற்குக் கம்பி செல்லும் திசைதோறும் ஒரு முட்டுக்கல்லைச் சாய்த்து ஊன்றுக. சதுரமான 1 ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. 10 அடிக்கு ஒன்றாக 84 கற்கள் செல்லும். முட்டுக்கற்கள் தனி.

5. கம்பி: குதிரையும் கன்றும் மேயுமிடத்தில் முள்கம்பி வேண்டா, மிரண்டு ஓடும் பிராணியின் தோலை அது கிழித்துவிடும். முள்ளில்லாக் கம்பியே தக்கது. வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவது மனிதருக்கும் யானைக்கும் மரணம் விளைப்பது, சட்டத்திற்கும் விரோதமாகும்.

காங்கேயம் பகுதியின் கொரங்காடுகளில் கிளுவை முள்வேலி தலைமுறைகளாய் நிலைத்திருக்கக் காண்கிறோம். புதிய கம்பி வேலியை ஒட்டி, மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை நெருங்க நட்டுவைப்பின், கம்பி துருப்பிடித்து அறும் காலத்தில் அவ்வுயிர்வேலி நிலத்தைக் காத்து நிற்கும்.