பழைய படகுக்குப் புது இன்ஜின்: எடையைப் பார்த்தீர்களா?

புதுப் படகு வாங்க எல்லோருக்கும் வசதி இருப்பதில்லை. பழைய ஃபைபர் படகைச் சீர்செய்து, புது இன்ஜின் மாட்டிக்கொள்ள வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விண்ணப்பத்தில் இன்ஜினின் விலை இருக்கும், குதிரைத்திறன் இருக்கும், எடை இருக்காது. நாம் முதலில் கேட்பது அதைத்தான்.

40 குதிரைத்திறன் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் 70 முதல் 75 கிலோ வரும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை ஒட்டி வரும். கூடுவது 25 கிலோதானே என்று தோன்றும். அந்த 25 கிலோ தொங்குவது படகின் கடைசி முனையில் அல்லவா? தராசுக் கணக்குத்தான் இது. படகு சமமாக நிற்கும் இடத்திலிருந்து 3 மீட்டர் பின்னால் 25 கிலோ கூடினால், அதை ஈடுகட்ட 1.5 மீட்டர் முன்னால் 50 கிலோ வேண்டும். இதற்காகக் கல்லை ஏற்றாதீர்கள். பேட்டரியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் நகர்த்துங்கள். பெட்ரோல் கேனை மட்டும் நம்ப வேண்டாம். 25 லிட்டர் என்றால் 18 கிலோவுக்கு மேல், ஆனால் கரை திரும்பும்போது அது காலி. அந்த நேரத்தில் மீன் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதே கணக்கு.

பின்புறம் தாழ்ந்த படகு பெட்ரோலை அதிகம் குடிக்கும். அதைவிட ஆபத்து, வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் வரும் அலை உள்ளே ஏறுவது.

இன்னொரு கனம் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது ஊறி உளுத்துப்போகும். தளத்துக்கு அடியிலுள்ள ஃபோமும் பல வருடத்தில் தண்ணீர் குடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே சந்தேகம். சிறு துளை போட்டால் ஈரமான கறுத்த மரத்தூள் வரும். பெயின்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை. வெட்டி எடுத்து, பலகையை மாற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே இன்ஜின்.

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அலையில்லாத நேரத்தில் பழைய இன்ஜினோடு படகை மிதக்கவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். பிறகு கூடப்போகும் எடைக்கு மணல் மூட்டையைப் பின்பலகையில் கட்டி, வழக்கம்போல் ஆட்களையும் ஏற்றுங்கள். பின்புறத்துத் தண்ணீர் வடியும் துளை மூழ்கினால், சாமான்களை முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மூழ்கினால் அந்த இன்ஜின் அந்தப் படகுக்கு ஆகாது. எடை குறைந்த சிறிய இன்ஜினுக்கு விண்ணப்பத்தை மாற்றி எழுதிக் கொண்டு வாருங்கள்.