பைப் ஏன் உடைஞ்சதுங்கிறதுக்கு அடுத்த கேள்வி

சமூகவியல்னாலே அட்டெண்டன்ஸுக்காக உட்காருற எலெக்டிவ்னு நம்மில் பல பேருக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனா நம்ம ஊர்ல நடக்குற விஷயங்களைப் புரிஞ்சுக்க நம்ம கோர் சப்ஜெக்ட் மட்டும் போதாது. எண்ணூரை வச்சே இதைப் படிச்சுப் பார்க்கலாம்.

சொந்தக் கஷ்டமா, பொதுப் பிரச்சினையா?

அமெரிக்க சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல ஒரு புத்தகம் எழுதினார். பேர் 'சமூகவியல் கற்பனை'. அதுல ஒரு எளிமையான உதாரணம் வரும். ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் வேலை இல்லன்னா, அது அவரோட சொந்தக் கஷ்டம். அவர் திறமை, குணம், சூழ்நிலைன்னு பார்த்தா போதும். ஆனா 5 கோடி தொழிலாளர்கள் இருக்கிற நாட்டுல 1.5 கோடி பேருக்கு வேலை இல்லன்னா, அது பொதுப் பிரச்சினை. அங்க காரணத்தைத் தனி மனுஷங்ககிட்ட தேடக் கூடாது, சமூகத்தோட அமைப்புல தேடணும்.

எண்ணூர்ல ஒரு வீட்ல ஒரு குழந்தைக்கு வீசிங் இருந்தா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அதே தெருவுல வீட்டுக்கு வீடு இருமல் கேட்டா, டாக்டர் மட்டும் போதாது. அந்தத் தெருவுக்கு மேல இருக்கிற காத்தையும் கேள்வி கேக்கணும்.

2023 டிசம்பர் 26

அன்னைக்கு நள்ளிரவு நெருங்குற நேரம். எண்ணூர் பெரியகுப்பம் கடலுக்கு அடியில போற அம்மோனியா பைப் கசிஞ்சது. கப்பல்லேர்ந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு போற பைப் அது. மூச்சுத் திணறி, கண் எரிஞ்சு, இருட்டுல குழந்தைகளைத் தூக்கிட்டு ஜனங்க ஓடினாங்க. 50 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. ஆலை வாசல் பக்கம் ஒரு கன மீட்டர் காத்துல 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லிச்சு. அனுமதிக்கப்பட்ட அளவு 400. ஆலையை நிறுத்தச் சொன்னாங்க, பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கை எடுத்தது.

பைப் ஏன் கசிஞ்சது? இது நம்ம கேள்வி, இன்ஜினியர் கேள்வி. மூணு வாரம் முன்னாடி வந்த மிக்ஜாம் புயல்ல கரையோரப் பாறாங்கற்கள் நகர்ந்து பைப்பைச் சேதப்படுத்தியிருக்கலாம்னு நிபுணர் குழு சொன்னது.

இதோட நிறுத்திட்டா, புயல் மேல பழியைப் போட்டுட்டு ஃபைலை மூடிடலாம். சமூகவியல் அடுத்த கேள்வியைக் கேக்கும். இந்த பைப் ஏன் ஒரு மீனவக் குப்பத்து வாசல்ல போகுது? போடும்போது யார்கிட்ட சம்மதம் கேட்டாங்க? கசிஞ்சா எந்தப் பக்கம் ஓடணும்னு அங்க இருக்கிறவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

மெரினா அகலமானதும் ராயபுரம் தேய்ஞ்சதும்

எண்ணூர்ல புயலுக்கு நகர்ற பாறைங்களைப் பத்திப் பார்த்தோம். ராயபுரத்துலேர்ந்து வடக்கே போற ரோட்டுலயும் கடல் ஓரமா பாறைங்க குவிஞ்சிருக்கு. அந்த ரோட்டுப் பாறைங்களுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு.

நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான நாள் மணல் தெற்கேருந்து வடக்கே நகரும். 1870-கள்ல மெட்ராஸ் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிடுச்சு. அதனாலதான் மெரினா இவ்வளவு அகலம். வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்னுபோய், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்ன ஆரம்பிச்சது. தடுக்கப் பாறை கொட்டினாங்க. அப்புறம் தூண்டில் வளைவு போட்டாங்க. அது ஒரு இடத்துல மணலைப் பிடிச்சா, அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப் போகும்.

ஒரே சுவர்தான். ஒரு பக்கத்துக்கு பீச் கிடைச்சது, இன்னொரு பக்கம் வீடு போச்சு. ஒரு திட்டத்தோட லாபமும் நஷ்டமும் சமமா பங்கு பிரியுறதில்லங்கிறதுக்கு இதைவிட தெளிவான கேஸ் ஸ்டடி நம்ம ஊர்ல கிடைக்காது.

ஒரே ஊருக்கு எத்தனை தடவை?

2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. ஜனங்களும் மாணவர்களும் வாளியால அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழை சென்னை முழுக்க பெஞ்சது, ஆனா மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துலதான் போய்ச் சேர்ந்தது. அந்த மாசமே அம்மோனியா. தனித்தனியா பார்த்தா மூணு விபத்து. சேர்த்துப் பார்த்தா ஒரு பேட்டர்ன்.

இந்த பேட்டர்ன் உலகம் முழுக்க இருக்கு. 1982-ல அமெரிக்காவில வட கரோலினா மாநிலம் வாரன் கவுன்ட்டியில, கருப்பின ஏழை மக்கள் அதிகமா வாழுற இடத்துல நச்சு மண்ணைக் கொட்டினாங்க. தடுத்துப் போராடின 500 பேருக்கு மேல கைதானாங்க. 'சுற்றுச்சூழல் நீதி'ங்கிற கருத்து பரவினதுல அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குப்பையும் புகையும் எங்க போகணும்னு முடிவு பண்றது வெறும் டெக்னிக்கல் கணக்கு இல்ல. இடத்தோட விலை, அங்க இருக்கிறவங்க சாதி, வர்க்கம், அவங்க குரலுக்கு இருக்கிற மதிப்பு எல்லாம் அந்த முடிவுல கலந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படிச்சுட்டு 'ஆலை வில்லன், ஜனங்க ஹீரோ'ன்னு எழுதினா அது சினிமா. கடல்ல மீன் குறைஞ்ச வீட்டுப் பையனே அதே ஆலையில கான்ட்ராக்ட் வேலைக்குப் போவான். ஆலையை மூடுன்னு ஒரு தம்பி பந்தல்ல உட்காருவார், வேலை போயிடுமோன்னு அண்ணன் பயப்படுவார். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு பேரையும் இப்படி எதிரெதிரா நிறுத்தின நிலைமை எப்படி உருவாச்சுன்னு பார்க்கிறதுதான் சமூகவியல்.

செஞ்சு பாருங்க

அடுத்த தடவை ஒரு பிரச்சினையைப் பத்தி நியூஸ் வந்தா, இந்த நாலு கேள்வியை நோட்டுல எழுதிப் பதில் தேடுங்க.

1. இது ஒருத்தருக்கு நடந்ததா, ஒரு கூட்டத்துக்கே திரும்பத் திரும்ப நடக்குதா?
2. லாபம் யாருக்கு, பாதிப்பு யாருக்கு?
3. முடிவு எடுத்தவங்க யார்? கேக்கப்படாதவங்க யார்?
4. இதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன நடந்தது?

நம்மில் சில பேர் அடுத்த வருஷம் மணலியிலயோ எண்ணூர்லயோ ட்ரெயினியா சேருவோம். பைப் லைன் டிராயிங் நம்ம டேபிளுக்கு வரும். அதுல பிரஷர், விட்டம், வால்வு எல்லாம் குறிச்சிருக்கும். அந்தக் கோடு எந்தக் குப்பத்து வழியா போகுதுன்னு நாமதான் கேக்கணும்.