விமானி அறையில் தானியங்கி: நமக்கு ஒரு பாடம்



நம் டெல்டாவில் போர்செட் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். ராத்திரியில் எழுந்து வயலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஸ்விட்ச் ஆட்டோவில் இருப்பது தெரியாமல் ஒருவர் மோட்டாரில் கை வைத்தால் என்ன ஆகும்? கருவியில் கோளாறு ஒன்றுமில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பது மனிதனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விமானத்திலும் இதே சிக்கல் உண்டு.

14.2.1990 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ-320 விமானம், ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தனர்.

விமானியின் எதிரே உள்ள பலகையில் உயரத்துக்கு ஒரு குமிழ், இறங்கும் வேகத்துக்கு ஒரு குமிழ் என அருகருகே இருக்கும். நிமிடத்துக்கு 700 அடி இறங்கச் சொல்வதற்குப் பதிலாக, 700 அடி உயரத்துக்கே இறங்கச் சொல்லியிருக்கலாம் என்று கருதப்பட்டது. பெங்களூரின் அன்றைய விமான நிலையமே சுமார் 2,900 அடி உயரத்தில் இருந்தது! எஞ்சின்கள் ஐடிலிங்கில் இருந்தன. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் அதை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்றது விசாரணை.

ஆனால் டிசைனையும் பார்க்க வேண்டும். பல விமானங்களில் தானியங்கி எஞ்சின் விசையைக் குறைத்தால், த்ராட்டில் லீவரும் பின்னால் நகரும். கை வைத்தாலே தெரிந்துவிடும். ஏ-320-ல் லீவர் நகராது. திரையைப் பார்த்தால்தான் உண்டு.

20.1.1992 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே இன்னொரு ஏ-320 மலையில் மோதியது. 87 பேர் இறந்தனர். சாய்வுக் கோணம் 3.3 டிகிரி என்றால் 3.3 என்றும், நிமிடத்துக்கு 3,300 அடி என்றால் சுருக்கமாக 33 என்றும் ஒரே கட்டத்தில் தெரியும். விமானிகள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது. பிறகு ஏர்பஸ் நிறுவனம் 3300 என நான்கு இலக்கமாகவே காட்டும்படி மாற்றியது. சின்ன மாற்றம்தான், ஆனால் முதலிலேயே செய்திருக்கக்கூடியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. வேறு வேறு வேலை செய்யும் குமிழ்கள், பார்வைக்கும் கைக்கும் வேறாகத் தெரிய வேண்டும்.

2. இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் புரிய வேண்டும்.

3. நடக்க முடியாத கட்டளை வந்தால், கருவி வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

நாளை நம்மில் பலர் அரிசி ஆலைக்கும் பம்ப் ஹவுஸுக்கும் கன்ட்ரோல் பேனல் அமைக்கப் போகிறோம். 'ஆபரேட்டர் தப்பு பண்ணிட்டான்' என்று சொல்வது சுலபம். அவர் தப்புப் பண்ண முடியாதபடி பேனலை அமைப்பதே நம் படிப்புக்கு அழகு!