கால்வாய்த் தண்ணீரில் ஒளு செய்யலாமா?

நம் அறக்கட்டளையின் மாலைப் பாடசாலைப் பிள்ளைகளைச் சென்ற மாதம் பாளையங்கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்றோம். ஊருக்குள் தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. “இதில் ஒளு கூடுமா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தண்ணீரில் தானே முளைக்கும் பாசியாலும் உதிரும் இலையாலும் நிறமோ வாடையோ மாறினால், அதில் ஒளு கூடும். நஜீஸ் கலந்து நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று மாறினால், எவ்வளவு பெருந்தண்ணீராயினும் அசுத்தமே. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே, “செடியை விடுங்கள்; வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்” என்றோம்.

பிள்ளைகள் கரையோரமாக மேலே நடந்து, வீட்டுக் குழாய்கள் வந்து விழும் இடங்களை நோட்டில் குறித்தார்கள். குழாய்கள் குறையக் குறையச் செடியும் குறைந்தது. காரணம் எளிது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்கு உரம். அமேசான் பகுதியைச் சேர்ந்த இச்செடி, பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. உரம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். கூரைபோல் மூடுவதால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. அதை அளந்து பார்க்கச் சோதனைக் குப்பிகள் வாங்கியுள்ளோம்.

சென்ற ஆண்டு ஜேசிபி வைத்துச் செடியை அள்ளிக் கரையிலேயே குவித்தது நாம்தான். மழையில் பாதி உள்ளே போனது. விதைகளோ சேற்றில் 15 ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். குழாய்களைத் தொடாமல் செடியை மட்டும் எடுத்ததில் ஜமாஅத்தாரின் பணம் வீணானது. அதற்கு நாமே பொறுப்பு.

தண்ணீர்த் துறைகளில் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. பிள்ளைகளின் நோட்டைப் புரட்டியபோது நமக்கு அது நினைவுக்கு வந்தது. அவர்கள் குறித்த குழாய்களில் ஒன்று நம் அறக்கட்டளைக் கட்டடத்தினுடையது.

அதை அடைத்துவிட்டு, பின்புறம் கழிவுநீர்த் தொட்டி கட்டும் வேலை தொடங்கியுள்ளது. நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வீட்டுக் குழாய் என்பதை வெளியே சொல்ல மாட்டோம். தத்தம் வீட்டைப் பார்க்க விரும்புவோர் அஸருக்குப் பிறகு வரலாம். தொட்டி கட்ட வசதியில்லாதவர்கள் தயங்காமல் நம்மிடம் சொல்லுங்கள்.